வேலை பழகுதலும் மனநிலையும்: வடசென்னை ஆலைகளின் அனுபவம்

சென்னைப் பட்டணத்தின் வடபாகத்தில் இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரை கடலோரமாகவும், அதற்கு மேற்கே பெரம்பூர், மணலி முதலிய இடங்களிலும் பரவியுள்ள தொழிற்சாலைப் பிரதேசம் தமக்கு யாதொரு சம்பந்தமும் இல்லாதது என்று கிராமத்து விவசாயப் பெருமக்கள் எண்ணுவது இயல்பே. ஆயினும் வயலுக்கு இடும் யூரியாவில் ஒரு பகுதி, 1971ஆம் ஆண்டு முதல் உற்பத்தி செய்துவரும் மணலி உரத் தொழிற்சாலையிலிருந்து வருவது. நெல் மூட்டைகளை ஏற்றிச் செல்லும் லாரிகளில் பலவற்றைச் செய்யும் அசோக் லேலண்ட் ஸ்தாபனம், 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்னும் பெயருடன் தொடங்கி எண்ணூரில்தான் வேரூன்றியது. இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. இராயபுரம் ஸ்டேஷனிலிருந்து வாலாஜா வரை 1856 ஜூலை முதல் தேதி ரயில் ஓடத் தொடங்கிய காலந்தொட்டு, செங்கற்பட்டு, வட ஆற்காடு முதலிய ஜில்லாக்களின் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பட்டணத்துக்குச் சென்று ஆலைத் தொழிலாளராகியிருக்கின்றனர்.

ஏர் பிடித்த கை யந்திரத்தின்முன் நிற்கும்போது அதனை எவ்வாறு பழகிக்கொள்கிறது? இதற்குப் பலர் எளிதாக விடை கூறிவிடுவர்: வேலையைக் காட்டிக் கொடுக்க வேண்டும், தவறினால் தண்டிக்க வேண்டும் என்பர். பழகுவோனுடைய மனம் எந்நிலையில் இருக்கிறது என்பது அவர்கள் கணக்கில் வருவதில்லை. ஆனால் அச்சம், அவமானம், நம்பிக்கை, தன் கைவேலையில் பெருமிதம் ஆகிய உணர்ச்சிகளே ஒருவன் எதைக் கற்கிறான் என்பதையும், தான் கண்டதில் எதை மேலாளுக்குச் சொல்கிறான் என்பதையும் பெரும்பாலும் நிர்ணயிக்கின்றன. இதற்கு வடசென்னையின் நூறாண்டு அனுபவம் போதிய சான்றாகும். டிராக்டரையும் கதிரடிக்கும் யந்திரத்தையும் மருந்து தெளிக்கும் கருவியையும் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு வரப்பில் நிற்கும் பட்டாதாரருக்கும் இது அயல் விஷயமன்று.

பெரம்பூரில் பக்கிங்ஹாம் ஆலை 1876இலும், கர்நாடிக் ஆலை அதற்குச் சில ஆண்டுகள் பின்னும் தோன்றின. பின்னி கம்பெனியாரின் நிர்வாகத்திலிருந்த இவ்விரண்டும் 1920இல் ஒன்றாக இணைந்தன. 1996இல் மூடப்படும் வரை ‘பி அண்டு ஸி மில்’ என்றே ஜனங்களால் வழங்கப்பட்டன. இராணுவத்துக்கு வேண்டிய காக்கித் துணிக்கு இவை பேர் பெற்றவை. அக்காலத்து இந்திய ஆலைகளில் புதிய ஆளுக்கென்று தனிப் பயிற்சி ஏற்பாடு ஏதும் பொதுவாக இருந்ததில்லை. வந்தவன் தன் உறவினன் அல்லது ஊரானுக்குப் பக்கத்தில் நின்று, பார்த்துப் பழக வேண்டியதுதான். அவனை வேலைக்குச் சேர்ப்பவனும், வேலை காட்டுபவனும், லீவு கொடுப்பவனும், வெளியே தள்ளுபவனும் பெரும்பாலும் மேஸ்திரி ஒருவனே. இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய 1929இல் நியமிக்கப்பட்ட விட்லி கமிஷன் 1931இல் வெளியிட்ட அறிக்கையில், மேஸ்திரியிடம் இவ்வளவு அதிகாரம் குவிந்திருப்பது கேடு என்று கண்டு, ஆள் சேர்க்கும் பொறுப்பைத் தனி உத்தியோகஸ்தரிடம் ஒப்படைக்குமாறு சிபாரிசு செய்தது.

ஒரே மனிதன் ஆசானாகவும் தண்டனைக்காரனாகவும் இருப்பதனால் விளையும் தீங்கு யாது என்பதைத் தறியடியில் நின்று பார்த்தால் விளங்கும். பாவு நூல் ஒன்று அறுந்துபோனால் தறியை நிறுத்தி, அறுந்த முனையைத் தேடி எடுத்து, முடிச்சிட்டு, பிறகு ஓட்ட வேண்டும். நிறுத்தினால் உற்பத்தி குறையும், வசவு கிடைக்கும். நிறுத்தாவிட்டால் துணியில் நீளமாக ஒரு கோடு விழும். ஆனால் அது பின்னர்த் துணி சோதிக்கும் இடத்தில்தான் தெரியவரும். அஞ்சி நடுங்கும் புதிய ஆள் எதைச் செய்வான்? கண் நூலின்மீது இருப்பதற்குப் பதிலாக மேஸ்திரியின் முகத்தின்மீது இருக்கும். தெரியாததைக் கேட்டால் ‘இதுகூடத் தெரியாதா’ என்ற ஏளனம் வருமென்று வாய் திறவான். தவறு நேர்ந்தால் அதை மறைக்கும் வித்தையைத்தான் முதலில் கற்றுக்கொள்வான். அந்த வித்தையில் மட்டும் அவன் விரைவில் தேர்ச்சி பெற்றுவிடுவான் என்பதில் சந்தேகமில்லை. கெட்ட துணிக்கு அபராதம் விதிப்பது ஆலைகளில் வழக்கமாயிருந்தது. 1936ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் இவ்வழக்கத்துக்கு வரம்பு கட்டி, அபராதம் சம்பளத்தில் ரூபாய்க்கு அரை அணாவுக்கு மேற்படலாகாது என்றும், 15 வயது நிரம்பாதவர்மீது அபராதமே விதிக்கலாகாது என்றும், வசூலான தொகையைத் தொழிலாளரின் நன்மைக்கே செலவிட வேண்டும் என்றும் விதித்தது.

பெரம்பூர் ஆலைத் தொழிலாளரின் மனக்குறை முதன்முதலில் வெளிப்பட்ட இடம் ஒரு பஜனை சபை என்பது கவனிக்கத்தக்கது. அவ்வட்டாரத்து வியாபாரிகளான செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபையில் ஈடுபட்டிருந்தனர். அங்கு வந்த தொழிலாளர், ஆலைக்குள் எவரிடமும் சொல்ல முடியாதவற்றை இவர்களிடம் சொன்னார்கள். கூலி போதாமை அவற்றுள் ஒன்று. நடுப்பகலில் அரை மணி நேரத்துக்குள் வெளியே சென்று உண்டு திரும்ப வேண்டியிருந்த அவசரம் மற்றொன்று. மேலாளர் கை நீட்டி அடிப்பதும் இழிவாகப் பேசுவதும் எல்லாவற்றிலும் மனத்தைப் புண்படுத்தியவை. இவர்களின் முயற்சியால், அடையாற்றிலிருந்த பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு 1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் நிறுவப்பட்டது. திரு. வி. கலியாணசுந்தர முதலியார் அதில் பெரும் பங்கு கொண்டார். இந்தியாவில் ஒழுங்கான முறையில் அமைந்த முதல் தொழிற்சங்கமாக இது கருதப்படுகிறது.

இதன் பின்வரலாறு இனிமையானதன்று. 1920இல் கதவடைப்பும், சங்கத் தலைவர்கள்மீது கம்பெனியார் ஹைகோர்ட்டில் தொடுத்த வழக்கும் நேர்ந்தன; அவ்வழக்கினால் எழுந்த கவலையே 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிகோலியது. 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது சாதி அடிப்படையில் தொழிலாளர் பிளவுபட்டு, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்து, துப்பாக்கிப் பிரயோகம் நடந்து உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. அடக்கிவைக்கப்பட்ட கோபம் யாரால் விளைந்ததோ அவர்மீதே சென்று விழும் என்று சொல்வதற்கில்லை. அடுத்த ஆண்டில் ஆலை நிர்வாகத்தார் தொழிலாளரின் பிரதிநிதிகள் அடங்கிய கமிட்டி ஒன்றை அமைத்துக் குறைகளைக் கேட்கத் தொடங்கினர். ஆலைச் சிறுவர்களுக்கு அவர்கள் நடத்திய பள்ளி அக்காலத்தில் பலராலும் பாராட்டப்பட்டது. இவ்வளவும் முன்னரே செய்திருக்கலாம் என்று இப்போது சொல்வது எளிது.

அச்சம் முற்றிலும் வேண்டாத உணர்ச்சியா எனின், அன்று. ஓடும் பெல்ட்டுக்கு அஞ்சுபவன் விரலை இழப்பதில்லை. 1908இல் அமெரிக்காவில் யெர்க்ஸ், டாட்ஸன் என்னும் இருவர் சுண்டெலிகளைக்கொண்டு ஒரு பரீட்சை நடத்தினர். இரு பெட்டிகளில் வெளிச்சமான பெட்டி எது என்று கண்டுகொள்ள எலி பழக வேண்டும். தவறான பெட்டியில் நுழைந்தால் சிறு மின் அதிர்ச்சி. வெளிச்ச வேற்றுமை எளிதாய்த் தெரிந்தபோது, அதிர்ச்சி கூடக் கூட எலி விரைவில் கற்றது. வேற்றுமை நுட்பமாக இருந்தபோதோ கடும் அதிர்ச்சி கற்றலைத் தாமதப்படுத்தியது; மிதமான அதிர்ச்சியே பயன் தந்தது. மண் வெட்டுவதையும் மூட்டை தூக்குவதையும் அதட்டி வாங்கிவிடலாம். அறுந்த நூலைக் கண்டுபிடிப்பதையும் யந்திரத்தின் ஓசை மாறுவதைக் காதால் உணர்வதையும் அதட்டிக் கற்பிக்க இயலாது. நம் உழவர் இதனை எலியிடம் கேட்டு அறிய வேண்டியவரல்லர். இளங்காளையை முதன்முதல் ஏரில் பூட்டும்போது பழகிய மாட்டோடு சேர்த்துப் பூட்டி, காலை வேளையில், சிறிது நேரம் மட்டும், தார்க்கோலை ஒதுக்கி வைத்துவிட்டு நடத்துகிறார். முதல் நாளே அடிபட்ட காளை நுகத்தடியைக் கண்டாலே மிரளும் என்பது அவருக்குத் தெரியும். மாட்டுக்குக் காட்டும் இந்தப் பொறுமை, மாட்டை ஓட்டும் பையனுக்கு எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் பழக்கமற்ற இலட்சக்கணக்கான ஆண்களையும் பெண்களையும் குறுகிய காலத்தில் தொழிற்சாலை வேலைக்குத் தயார்செய்ய வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய யுத்தத்தில் கப்பல் கட்டும் துறைகளில் சார்லஸ் ஆலன் என்பவர் வகுத்த முறையை ஒட்டி, வேலை கற்பிப்பதற்கு 4 படிகள் கொண்ட முறை ஒன்று வகுக்கப்பட்டது. பழகுவோனை ஆயத்தம் செய்தல், வேலையைச் செய்து காட்டுதல், அவனைக்கொண்டு செய்வித்தல், பின்னர்க் கவனித்து வருதல் என்பன அவை. முதற்படியில் சொல்லப்பட்ட முதற் காரியம் வேலையைப் பற்றியதே அன்று. பழகுவோனுடைய மனக் கலக்கத்தைப் போக்க வேண்டும் என்பதே. அவனுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டறிவது அதற்கு அடுத்தது. நான்காம் படியில், சந்தேகம் வந்தால் யாரிடம் போய்க் கேட்கலாம் என்று ஒருவரைக் குறித்துக் கொடுக்க வேண்டும். பழகியவன் தேறவில்லையாயின் பழக்கியவனே கற்பிக்கத் தவறினான் என்று கொள்வது இம்முறையின் அடிப்படை. 1950களில் சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தின் உதவியுடன் இம்முறை இந்திய ஆலைகளிலும் புகுந்தது.

மூன்றாம் படியின் அருமை கிராமத்தில் நன்கு புலப்படும். பூச்சிமருந்தை இத்தனை லிட்டர் தண்ணீருக்கு இத்தனை மில்லி என்று சொல்லிவிட்டு ‘புரிந்ததா?’ என்று கேட்டால், எந்த ஆளும் ‘புரிந்ததுங்க’ என்றே சொல்வான். புரியவில்லை என்று சொல்வது அவனுக்கு மரியாதைக் குறைவாகவும், சொல்பவரைக் குறை கூறுவதாகவும் தோன்றும். மருந்துக்குப் பதிலாக வெறுந் தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிக் கலந்து காட்டச் சொன்னால் உண்மை அரை நிமிஷத்தில் வெளிப்பட்டுவிடும்.

வடசென்னைக்கே மீள்வோம். 1983 டிசம்பரில் சென்னைத் துறைமுகத்தில் பெட்டகக் கப்பல்களுக்கென்று தனி முனையம் திறக்கப்பட்டது. அதுகாறும் மூட்டை மூட்டையாகக் கொக்கியிட்டு, கண்ணி கட்டி, கூட்டமாக நின்று இறக்கிய சரக்கில் ஒரு பகுதியை அதன்பின் ஒரு பாரந்தூக்கியும் அதன் டிரைவரும் பெட்டியோடு தூக்கி வைத்தனர். புதிய யந்திரத்தைக் கற்றுக்கொள்வது தன் கூட்டாளிகளின் பிழைப்பில் மண் போடுவதாகும் என்று ஒருவன் நினைத்தால், அவன் கற்பது மெதுவாகத்தான் நடக்கும். அதை மந்தபுத்தி என்று கருதுவது தவறு. அறுவடை யந்திரம் வந்த ஊர்களில் கூலியாட்கள் காட்டிய பிணக்கையும் இவ்வாறே நோக்க வேண்டும்.

‘மனித வள அபிவிருத்தி’ என்னும் பெயரால் ஊழியரின் பயிற்சியையும் முன்னேற்றத்தையும் கவனிக்கத் தனி இலாகா அமைப்பது 1975ஐ ஒட்டிப் பம்பாயிலுள்ள லார்சன் அண்டு டூப்ரோ கம்பெனியில் தொடங்கியது. உதய் பரீக், டி. வி. ராவ் என்னும் இரு அறிஞர்கள் அதற்கு ஆலோசனை கூறினர். சென்னையை அடுத்த பாடியிலுள்ள சுந்தரம் கிளேடன் கம்பெனியின் பிரேக் பிரிவு, தர நிர்வாகத்துக்காக ஜப்பானியர் வழங்கும் டெமிங் பரிசை 1998இல் பெற்றது. இப்பரிசு இந்தியாவுக்கு வந்தது அதுவே முதல் தடவை. தொழிலாளர் அனைவரும் குறைகளையும் யோசனைகளையும் கூறுவதை ஆதாரமாகக் கொண்டது அந்நிர்வாக முறை.

குறைகளைக் கூறும் இடம் குறைகள் மலிந்த இடமாக வெளிப்பார்வைக்குத் தோன்றக்கூடும். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை 1990களில் ஆராய்ந்த ஏமி எட்மண்ட்ஸன் என்னும் பெண்மணி, ஒற்றுமையாக வேலை செய்யும் வார்டுகளில் பிழை குறைவாயிருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் அங்கேதான் பிழை அதிகமாயிருந்தது. விசாரித்ததில், மற்ற வார்டுகளில் பிழைகள் மறைக்கப்பட்டன என்றும், நல்ல வார்டுகளில் தாதிகள் அஞ்சாமல் சொன்னதனால் கணக்கு உயர்ந்தது என்றும் தெரியவந்தது. கிராமத்தில் நோய் கண்ட பயிரையும் சேதத்தையும் கணக்கெடுக்கும் உத்தியோகஸ்தர்கள் இதனை மனத்திற்கொள்வது நலம். சேதமே இல்லை என்று எழுதிய கிராமம் உண்மையிலேயே செழிப்பாக இருக்கலாம், அல்லது அங்கே எவரும் சொல்லத் துணியாதிருக்கலாம்.

இரசாயனத் தொழிற்சாலைகளில் இவ்விஷயம் உயிரைப் பற்றியதாகிறது. போபாலில் 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டது பூச்சிமருந்து செய்யும் தொழிற்சாலையிலேயாகும். அங்கே ஆட்களும் பயிற்சிக் காலமும் முன்னரே குறைக்கப்பட்டிருந்தன என்பது பின்னர் வெளியாயிற்று. அதன் விளைவாக 1987இல் செய்யப்பட்ட தொழிற்சாலைச் சட்டத் திருத்தம், உயிருக்கு ஆபத்து நெருங்குகிறது என்று கருதும் தொழிலாளி அதை நிர்வாகத்துக்கும் இன்ஸ்பெக்டருக்கும் தெரிவிக்கும் உரிமையை எழுத்தில் அளித்தது. உரிமையைச் சட்டம் கொடுக்கலாம். அதை வாய்விட்டுச் சொல்லும் தைரியத்தை அன்றாடம் மேலாளர் நடந்துகொள்ளும் விதமே கொடுக்கும்.

எண்ணூரிலுள்ள உரத் தொழிற்சாலைக்கு வேண்டிய அம்மோனியா கப்பலில் வந்து, கடலடிக் குழாய் வழியாகக் கரை சேருவது. 2023 டிசம்பர் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே அக்குழாயில் கசிவு ஏற்பட்டு, அக்கம்பக்கத்து மீனவக் கிராமங்களின் ஜனங்கள் உறக்கத்திலிருந்து எழுந்து வீடுகளை விட்டு ஓட நேர்ந்தது. 40க்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. காரணங்களை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அம்மோனியாவின் நெடி மாட்டுக் கொட்டகையில் கோமியக் குழி அருகே நின்ற எவருக்கும் தெரிந்ததே. மூக்கில் படும் முதல் நெடியை எவனேனும் ஒருவன் உணர்கிறான், அழுத்தமானியின் முள் இறங்குவதை எவனேனும் ஒருவன் காண்கிறான். அவன் பெரும்பாலும் பதவியிற் சிறியவன். பொய் எச்சரிக்கையாய்ப் போனால் ஏசுவார்களோ என்று அவன் தயங்கும் சில நிமிஷங்களே ஊரின் கதியை முடிவு செய்யக்கூடும். ஜப்பானில் டொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலையில் கோளாறு கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து மேலாளை வரவழைக்கலாம், தீராத கோளாறாயின் வேலை வரிசையே நின்றுவிடும் என்று ஏற்பாடு செய்தது இத்தயக்கத்தை ஒழிப்பதற்கே.

வயலில் அத்தகைய கயிறு இல்லை. மருந்து தெளிக்கும் ஆளுக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, மிகுந்த வியர்வை, வாயில் உமிழ்நீர் ஊறுதல், பார்வை மங்குதல் ஆகியவை கண்டால் உடனே வேலையை நிறுத்தி, உடையைக் களைந்து, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, மருந்துப் புட்டியோடு டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். ஆனால் அரைநாளில் நின்றுவிட்டால் அன்றைக் கூலி போய்விடும் என்ற பயத்தினாலோ, ‘இதற்கே சோர்ந்துவிட்டான்’ என்று பிறர் நகைப்பார்கள் என்ற வெட்கத்தினாலோ அவன் சொல்லாமல் அடுத்த டாங்கியையும் முதுகில் ஏற்றிக்கொள்கிறான். உடம்பு சரியில்லை என்று சொல்லி நின்றாலும் அன்றைக் கூலி முழுவதும் உண்டு என்று காலையிலேயே, மற்ற ஆட்கள் கேட்கச் சொல்லிவிடும் பட்டாதாரர், ஒரு நாட் கூலிச் செலவில் ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடும். கதிரடிக்கும் யந்திரத்தில் கைகளை இழந்தோர் வட இந்தியாவில் பெருகியதன்பேரில் 1983இல் அபாயகரமான யந்திரங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது; பாதுகாப்பான கதிர் ஊட்டு வாயைப் பொருத்துவது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. ஆயினும் இரவு வெகுநேரம் வரை ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று அருகிலிருந்து அவசரப்படுத்தும் குரலை எந்தத் தகட்டாலும் மூட முடியாது.

அச்சமின்றிக் கற்பித்தலை விவசாயத்திலேயே பெரிய அளவில் செய்து காட்டியது இந்தோனேசியா. நெற்பயிரைப் புகையான் அழித்த காலத்தில், மருந்து மிகுந்ததனால் பூச்சியின் இயற்கைப் பகைவர்களும் மடிந்து போவதைக் கண்டு, 1986இல் அந்நாட்டுச் சர்க்கார் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளைத் தடைசெய்தது. 1989இல் ஐ. நா. உணவு விவசாய ஸ்தாபனத்தின் துணையுடன் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கப்பெற்றன. தமிழ்நாட்டிலும் வேளாண்மை இலாகாவினர் இவ்வகைப் பண்ணைப் பள்ளிகளை நடத்தி வருகின்றனர். இங்கே பிரசங்கம் இல்லை, பரீட்சையில் தோல்வி என்பதும் இல்லை. 25 பேர் அளவில் கூடி, வாரந்தோறும் வயலில் இறங்கி, கண்டதை வரைந்து, தமக்குள் வாதிடுகின்றனர். சிலந்தி பயிருக்குக் கெடுதல் செய்யும் என்று ஒருவர் சாதித்தால் அவரை எவரும் மறுத்துப் பேசுவதில்லை. ஒரு தொட்டியில் நெற்பயிரை நட்டு, வலைத்துணியால் மூடி, உள்ளே சில புகையான்களையும் ஒரு சிலந்தியையும் விட்டு அவர் கையிலேயே கொடுத்துவிடுகின்றனர். மறுநாள் காலையில் வலையை விலக்கி, எத்தனை பூச்சிகள் எஞ்சியிருக்கின்றன என்று எண்ணுகிறவர் அவரே.